முட்டுக்கட்டையும் தலைமையும்



நிகழ்த்துகலைகளில் ஒரு குழுவை நடத்திச் செல்லும் திறமையை எவ்வாறு கற்றுக்கொள்வது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். மேடையின் மேல் நின்று பேசிப் பழகிய அறிஞர்கள் பலர் இந்த ஊரில் இருக்க, மேடைக்குப் பின்னால் கயிற்றையும் விளக்கையும் காத்துக்கொண்டு, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலேயே நாற்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட என்னிடம் இதைக் கேட்பது பொருத்தமே என்று எனக்குத் தோன்றியது. ஏனெனில் இந்த விஷயத்தைப் பற்றித் தமிழில் நூல்கள் குறைவு, அனுபவஸ்தர்கள் மிகுதி, அந்த அனுபவஸ்தர்களோ எழுதிவைக்கும் வழக்கம் இல்லாதவர்கள்.

உலகத்தில் அழித்து எழுதக்கூடிய வேலைகள் உண்டு. கதை எழுதுகிறவர் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போடலாம். படம் எடுக்கிறவர் அதே காட்சியைப் பத்து முறை எடுக்கலாம். கணக்கு எழுதுகிறவர் அடித்துத் திருத்தலாம். ஆனால் இலை போட்டு ஜனங்கள் உட்கார்ந்துவிட்ட பந்தி, வடம் பிடித்தாகிவிட்ட தேர், மத்தளம் முழங்கிவிட்ட கூத்துக் களரி, விளக்கு அணைந்து படுதா உயர்ந்துவிட்ட நாடகம் ஆகியவற்றில் கடந்துபோன கணத்தைத் திரும்ப அழைத்துச் செப்பனிட எவராலும் ஆகாது. இத்தகைய வேலைக்குத் தலைமை வகிப்பவர், அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் எழுதப்பட்ட நிர்வாக நூல்களைப் படித்துவிட்டு வந்து நின்றால் முதல் இரவிலேயே திகைத்துப்போவார். ஒத்திகை நடக்கும் நாட்களில் எல்லா அதிகாரமும் தலைவரிடமே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். நிகழ்ச்சி தொடங்கிவிட்ட பின்போ அந்த அதிகாரம், ஆபத்தை முதலில் கண்ணால் காண்பவர் யாரோ அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிப் போய்ச் சேரும்படி முன்கூட்டியே தம் குழுவையும், அதைவிடக் கடினமாகத் தம்மையும் பழக்கிவைத்துக்கொள்வதே தலைவருக்குரிய கல்வி என்பது என் துணிபு. இதை நான் இந்தச் சிதம்பரத்துத் தேரடியில்தான் முதலில் கண்டேன்.

ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்திரா தரிசனத்துக்கும் ஒன்பதாம் நாள் நம் நான்கு ரத வீதிகளிலும் நடைபெறும் தேரோட்டத்தை நீங்கள் அறிவீர்கள். விநாயகர், சுப்பிரமணியர், நடராஜப் பெருமான், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள். மற்ற ஊர்களில் உற்சவ மூர்த்தி எழுந்தருள, இங்கே சிற்சபையில் ஆடும் மூலவரே வீதிக்கு வருகிறார் என்பது நம் ஊரின் தனிப்பெருமை. தேர்கள் நிலைக்கு வந்த இரவு பெருமான் ஆயிரங்கால் மண்டபமாகிய ராஜசபைக்குச் சென்று, மறுநாள் விடியற்காலையில் மகாபிஷேகம் கண்டு, பிற்பகலில் தரிசனம் தந்து, மீண்டும் சிற்சபைக்கு எழுந்தருள வேண்டும். ஆகவே தேர் தாமதப்பட்டால் அபிஷேகமும், அபிஷேகம் தாமதப்பட்டால் தரிசனமும் தள்ளிப்போகும். ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் இந்த வரிசையில், யார் தலைவர் என்று ஒரு வெளியூர்க்காரர் கேட்டால் நாம் யாரைச் சுட்டிக்காட்டுவோம்? தேர்த்தட்டில் நிற்கும் தீட்சிதர்களையா, வடத்தின் முனையில் துண்டை வீசி ஜனங்களை உற்சாகப்படுத்துபவரையா, போலீஸ் அதிகாரியையா?

பல ஆண்டுகளுக்கு முன் தெற்கு வீதியும் மேல வீதியும் சேரும் முனையில் ஒரு திண்ணை ஓரத்தில் நின்றுகொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்துவந்த ஒருவரை மட்டும் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அரையில் வேட்டியை வரிந்து கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, புளிய மரத்தில் ஆப்பு வடிவாகச் செதுக்கிய முட்டுக்கட்டையைத் தோளோடு அணைத்தபடி, ஜனங்கள் எல்லாரும் மேலே பெருமானைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல், சக்கரத்தின் இரும்புப் பட்டம் தரையைத் தொடும் அந்த ஓர் அங்குல இடத்திலேயே கண்ணை வைத்திருந்தார். முனையில் தேர் திரும்ப வேண்டும். கட்டையை எந்தச் சக்கரத்தின் கீழ் எந்தச் சாய்வில் கொடுத்தால் தேரின் முகம் மேல வீதிக்குத் திரும்பும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஜனங்களின் இழுப்பு சற்று மிஞ்சி, தேர் ஒரு பக்கமாக வேகம் கொண்டது. சங்கும் மேளமும் கோஷமும் சேர்ந்து யார் என்ன சொன்னாலும் காதில் விழாத நிலை. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை, யார் உத்தரவையும் கேட்கவில்லை. குனிந்தார், கட்டை உள்ளே போயிற்று, அத்தனை பெரிய தேர் முனகிக்கொண்டு நின்றது. வடம் பிடித்த நூற்றுக்கணக்கானவர்கள் முன்பக்கம் சாய்ந்து, பின் நிமிர்ந்தார்கள். ஒருவரும் அவரை ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை.

இந்த ‘ஒருவரும் கேட்கவில்லை’ என்பதில்தான் நான் சொல்லவந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அவர் கட்டையை முன்னதாகப் போட்டிருந்தால் தேர் வீணாக நின்றிருக்கும்; ஆயினும் அப்போதும் கேட்டிருக்க மாட்டார்கள். வீணாக நின்ற தேரை மறுபடி இழுத்துவிடலாம், நிற்க வேண்டிய இடத்தில் நில்லாத தேரை மீட்க முடியாது என்ற கணக்கைத் தலைமுறை தலைமுறையாக இந்த வீதி ஏற்றுக்கொண்டிருக்கிறது. நல்ல காரியம் ஒன்றைத் தடுப்பவரை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று நம் பேச்சு வழக்கு ஏசுகிறதே, அது அந்த மனிதருக்கு இழைக்கப்பட்ட பெரிய அநியாயம் என்று அன்று முதல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிலையத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்த பின்பும், அங்கே முட்டுக்கட்டை போடுகிறவர்களின் வேலை நின்றுவிடவில்லை. இயந்திரம் தேரை நிறுத்தும். எப்போது நிறுத்துவது, எப்படித் திருப்புவது என்பதை அறிய, சக்கரத்தின் அருகிலேயே ஒரு கண் வேண்டியிருக்கிறது.

தேருக்கு அடுத்தபடியாக எனக்குப் பாடம் சொன்னது தெருக்கூத்து. பழைய தென்னார்க்காட்டுச் சீமை முழுவதும், திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் வாசித்து இரவில் கூத்து நடத்தி, அர்ச்சுனன் தபசுக்குப் பனைமரம் நாட்டி, இறுதியில் மண்ணால் துரியோதனன் உருவம் சமைத்துப் படுகளம் காண்கிற வழக்கம் இன்றும் வாழ்கிறது. விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தின் தலைவருக்கு ‘வாத்தியார்’ என்று பெயர். பாட்டையும் அடவையும் வசனத்தையும் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்து, பிசகினால் கடிந்து, எந்த வேஷம் யாருக்கு என்று தீர்மானிப்பவரும் அவரே. ஆனால் கூத்து நடக்கும் இரவில் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்! மத்தளம், முகவீணை, ஆர்மோனியக்காரர்களோடு பின்வரிசையில், கையில் தாளத்தோடு, பின்பாட்டுக்காரராக நிற்கிறார். வேஷக்காரனின் முதுகைத்தான் அவர் பார்க்கிறார். வேஷக்காரனுக்கு அவர் முகம் தெரியாது, குரல் மட்டும் காதில் விழும். அவன் அடியை மறந்தால் பின்பாட்டிலேயே அதை எடுத்துக்கொடுத்துவிடுவார். சபைக்கு அது திருத்தம் என்றே தெரியாது. தலைவர் என்பவர் முன்னால் நிற்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த எனக்கு, இந்தப் பின்வரிசை பெரிய ஆச்சரியமாக இருந்தது.

கெடிலக் கரையில் ஒரு சிற்றூரில் நான் கண்ட ஓர் இரவைச் சொல்கிறேன். பதினெட்டாம் போர்க் கூத்து. நள்ளிரவு கடந்திருக்கும். திரைக்குப் பின்னால் துரியோதனனுக்குக் கட்டிய புஜக்கட்டையின் கயிறு அறுந்துவிட்டது. கட்டை வேஷத்தில் ஒரு முடிச்சு தளர்ந்தால் மார்புப் பதக்கம், கிரீடம் எல்லாம் தளரும். மறுபடி கட்ட நேரம் பிடிக்கும். திரை பிடித்திருந்த இருவரில் ஒருவர் தலையை லேசாக அசைத்தார், அவ்வளவுதான். களரியில் நின்ற கட்டியக்காரன், துரியோதன மகாராஜா வருகிறார் என்று கட்டியம் கூறி முடித்திருந்தவன், உடனே வாயை மூடாமல், ஊர் நாட்டாமைக்கு அஸ்தினாபுரத்தில் வழக்கு நடக்கிறது என்று ஒரு கதையைக் கற்பித்துக்கொண்டு, முன்வரிசைக் கிழவர் ஒருவரைச் சாட்சிக்கு அழைத்து, ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தான். மத்தளக்காரர் அவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முத்தாய்ப்பு வைத்தார். திரை பிடித்தவர் மறுபடி தலையசைத்தவுடன், அவன் அந்த வழக்கை அப்படியே துரியோதனன் தீர்ப்புக்கு விட்டான். மத்தளம் உச்சத்துக்குப் போயிற்று. திரையைப் பிடித்து உலுக்கியபடி துரியோதனன் வந்தான். இத்தனைக்கும் வாத்தியார் தாளத்தை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்தபின் தேநீர்க் கடையில் அவரிடம், “உங்களுக்குப் பதற்றமாக இல்லையா வாத்தியாரே?” என்று கேட்டேன். “நான் திரும்பிப் பாத்திருந்தா அவன் பயந்திருப்பான் சாமி” என்றார்.

இந்த மூன்று பேரும், திரை பிடித்தவர், கட்டியக்காரன், மத்தளக்காரர், எவ்வாறு ஒரே எண்ணத்தில் இயங்கினார்கள்? அவர்கள் மூவருமே வேறு வேறு வருஷங்களில் திரை பிடித்திருக்கிறார்கள், சிறு வேஷம் கட்டியிருக்கிறார்கள், பின்பாட்டுப் பாடியிருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவனின் வேலை இன்னதென்று உடம்பால் அறிந்தவனுக்குத் தலையசைப்புப் போதும். அறியாதவனுக்கு ஒலிபெருக்கியில் சொன்னாலும் விளங்காது.

நாடகக் கம்பெனிகளின் சரித்திரத்தை விரிக்க இங்கே அவகாசம் இல்லை. ஆயினும் இரண்டு பெரியார்களைக் குறிப்பிடாமல் போவது பிழையாகும். சங்கரதாஸ் சுவாமிகள், வயதுவந்த நடிகர்களின் கட்டுப்பாடின்மையால் மனம் நொந்தே சிறுவர்களைக் கொண்ட சபைகளின் பக்கம் திரும்பினார் என்பர். பாய்ஸ் கம்பெனிகளின் ஒழுங்கு கடுமையானது. அக்கடுமையில் இளம் பிள்ளைகள் பட்ட வேதனையை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அங்கே ஒரு நிர்ப்பந்தம் இருந்தது: மகரக்கட்டு. நேற்றுவரை ஸ்திரீ பார்ட்டில் குயிலாகப் பாடிய பையனுக்கு ஒருநாள் குரல் உடைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வேஷத்துக்கும் பின்னால் பாடம் தெரிந்த இன்னொருவன் தயாராக இருந்தே தீரவேண்டும். அந்தப் பள்ளியில் வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் தாமே ஒரு சபையைத் தொடங்கியபோது, நால்வராக நின்று பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களுள் ஒருவரான சண்முகம் தம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் அந்த உலகத்தை நமக்கு விட்டுச்சென்றிருக்கிறார். மற்றவர் பம்மல் சம்பந்த முதலியார். பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவின் தெலுங்கு நாடகத்தைச் சென்னையில் கண்டு எழுச்சியுற்று, 1891-இல் சுகுண விலாச சபையை அமைத்தபோது அவர் இன்னும் இருபது வயது நிரம்பாதவர். அவர் நடத்தியது சம்பளம் வாங்கும் பிள்ளைகளை அன்று. வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும், அதாவது கோபித்துக்கொண்டால் நாளை வராமலேயே இருந்துவிடக்கூடியவர்களை. இன்று நம் கல்லூரி நாடகக் குழுக்களும், விழாக் கமிட்டிகளும், தொண்டர் படைகளும் பாய்ஸ் கம்பெனியைக் காட்டிலும் இந்தச் சபைக்கே நெருங்கியவை. ஆதலால் இளைஞர்கள் முதலியாரின் ‘நாடக மேடை நினைவுக’ளைத் தலைமைக்கான பாடநூலாகவே படிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாட்டிய விழாவின் மேடைப் பொறுப்பு முழுவதையும் என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஊரையும் விழாவையும் சொல்லப்போவதில்லை, பிழை என்னுடையது. அப்போது எனக்கு நாற்பது வயது இருக்கும். கண்டிப்பானவன் என்று பெயர் எடுத்திருந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாலையில் ஆறேழு குழுக்கள் ஏறி இறங்க வேண்டும். அடுத்த குழு படியருகே சலங்கையோடு காத்திருக்க வேண்டும். விளக்கு, ஒலி, அறிவிப்பு, திரை அனைத்தும் என் வாய்ச்சொல்லுக்கே அசைய வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தேன். நான்காவது குழுவில் சிறு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. நான் அந்தச் சமயம் மேடையின் எதிர்ப்புறத்தில், ஒரு பக்கவாத்தியக்காரருக்கு இடம் ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். ஜெனரேட்டர் மேடைக்கு இருபது அடிக்குள் இருந்தது. அதன் அருகில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். கும்மிருட்டு. நான் ஜனங்களுக்கு நடுவே இடித்துத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள், மேடையின் விளிம்பு தெரியாமல் பின்வாங்கிய ஒரு பெண் குழந்தை கீழே விழுந்துவிட்டாள். சலங்கை கட்டிய கால் பிசகி வீங்கிவிட்டது. அவள் அழவில்லை, நடனம் பாதியில் நின்றுவிட்டதே என்று தன் குருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, ஜெனரேட்டரை ஏன் போடவில்லை, போடத் தெரியாதா என்று கேட்டேன். “தெரியும் சார். நீங்க சொல்லாம யாரும் எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே” என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உத்தரவை நிறைவேற்றியவனின் தெளிவே இருந்தது. தெற்கு வீதி முனையில் கண்ட மனிதரின் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, நான் தேர்த்தட்டின் மேல் நின்றிருந்தேன் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று.

அடுத்த விழாவுக்கு முன், வேலை செய்யும் அனைவரையும் உட்காரவைத்து, யாரையும் கேளாமலே யார் எதைச் செய்யலாம் என்பதை முதலில் பேசினோம். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர்க்காரர் உடனே போட வேண்டும்; இருட்டில் ஆடுவோர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும்; ஒலியில் ஊளைச் சத்தம் எழுந்தால் ஒலிக்காரர் பாடகரின் மைக்கையே தணிக்கலாம்; படியில் நிற்பவர் அடுத்த குழுவை ஏற்றாமல் நிறுத்திவைக்கலாம்; அப்படி நிறுத்தியதற்காக அந்த இரவில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது; தவறு நேர்ந்திருந்தால் மறுநாள் காலையில், காபி குடித்தபின், எல்லாரும் சேர்ந்து பேச வேண்டும். கடைசி இரண்டையும் கைக்கொள்வதே எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. நிகழ்ச்சியின் நடுவில் சினம் வரும். நாக்கின் நுனிவரை வார்த்தை வரும். அதை விடியும்வரை வைத்திருப்பது ஒரு விரதம்.

ஜப்பான் நாட்டு டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில், ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தி வரிசையில் பிழை கண்ட எந்தத் தொழிலாளியும் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்து மேற்பார்வையாளரை வரவழைக்கலாம், பிழை தீராவிடில் வரிசையே நின்றுவிடும் என்ற ஏற்பாட்டைப் பிற்காலத்தில் படித்தபோது, இது நம் ரத வீதியில் இருப்பதுதானே என்று மகிழ்ந்தேன். லண்டன், நியூயார்க் முதலிய நகரங்களின் நாடக சாலைகளிலும், வாரக்கணக்கில் ஒத்திகை நடத்திய இயக்குநர், அரங்கேற்றம் ஆனவுடன் ஒதுங்கிக்கொள்ள, அதுமுதல் ஒவ்வோர் இரவையும் மேடை நிர்வாகியே நடத்துவார் என்பது நிலைபெற்ற சம்பிரதாயம். ஓரிடத்தில் மரக்கட்டை, ஓரிடத்தில் கயிறு, ஓரிடத்தில் மரபு. மூன்றிலும் அதிகாரம் கைமாறுவதற்கு ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சமயத்தின் பெருந்தன்மைக்கு அது விடப்படவில்லை. இதை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நல்ல மனமுள்ள தலைவன் என்பதால் மட்டும் கீழே இருப்பவன் துணிந்து கை வைத்துவிட மாட்டான்.

1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நம் ஊரில் நாட்டியாஞ்சலி நடந்து வருகிறது. நூற்றெட்டுக் கரணங்களைச் செதுக்கிய கோபுரங்களின் நிழலில், எங்கெங்கிருந்தோ வரும் ஆடற்குழுக்கள் தமக்கு அளித்த சிறு பொழுதுக்குள் தம் அஞ்சலியைச் செலுத்திவிட்டு இறங்குகின்றன. ஆடுகிறவர்களைப் பற்றி நாம் எழுதுகிறோம், படம் எடுக்கிறோம். அத்தனை குழுக்களை ஏற்றி இறக்கும் வித்தையைக் கற்க ஒரு மாணவராவது அனுப்பப்பட்டாரா? 1929-இல் தோன்றிய பல்கலைக்கழகமும் இசைக் கல்லூரியும் இந்த ஊரிலேயே இருக்கின்றன. ஆடவும் பாடவும் கற்பவர் ஒவ்வொருவரும் ஓராண்டு திரை பிடிக்கவும், படியருகே நிற்கவும், மைக்குக் கம்பி சுருட்டவும் வேண்டும் என்று விதி செய்தால், பத்தாண்டுகளில் இந்த மாவட்டத்து மேடைகளின் தன்மையே மாறிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த ஆண்டு இதற்கு, பட்டம் பெற்றவர் ஒருவரைத் தேடாமல், கடலூர்ப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரை அழையுங்கள். தனியாக நின்று பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. ஆகவே அவரை இந்த மேசைக்குப் பின்னால் நிறுத்திவிடாதீர்கள். மத்தளக்காரரையும் ஆர்மோனியக்காரரையும் உடன் வரவழைத்து, பின்னால், அதோ அந்தத் தூணை ஒட்டி, ஒரு விசுப்பலகை போட்டுவைத்தால் போதும்.